கில்பியா, நாய்ஸா?

கேள்வி: ஐ.சி. (இன்டகிரேட்டட் சர்க்யூட்) சிப்பைக் கண்டுபிடித்தவர் ஜாக் கில்பியா, ராபர்ட் நாய்ஸா? வீட்டில் எனக்கும் மகனுக்கும் சண்டை.
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டு பேரும்தான் அம்மா. ஆனால் என் ஓட்டு கில்பிக்கு. நெல்லை ஜங்ஷன் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். சால்டரிங் பிடித்த கைக்குத்தான் அந்த மனுஷனின் அருமை தெரியும்.

1958-ல் கில்பி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்த புதிது. கோடையில் எல்லாரும் மொத்தமாக லீவில் கிளம்ப, இவருக்கு மட்டும் லீவு சேரவில்லை. ஆளில்லாத லேபில் உட்கார்ந்து, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் என்று சர்க்யூட்டின் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டில் செய்தால் என்ன என்று யோசித்தார். செப்டம்பர் 12 அன்று ஜெர்மேனியம் என்ற குறைக்கடத்தியில் (செமிகண்டக்டர்) அப்படிச் செய்த ஒரு துண்டை மேலதிகாரிகள் முன் இயக்கிக் காட்டினார். மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் அலை ஓடியது. பார்க்க லட்சணமாக இருக்காது. மெல்லிய தங்கக் கம்பிகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

அந்தக் கம்பிகளை ஒழித்தவர் நாய்ஸ். ஃபேர்சைல்ட் என்ற இன்னொரு கம்பெனியில் 1959-ல், சிலிக்கான் மேலேயே உலோகத் தடம் பதிக்கும் வழியைச் சொன்னார். உங்கள் கையிலிருக்கும் போன் அந்த வழியில் வந்ததுதான், சரி. இரண்டு கம்பெனிகளும் வருஷக்கணக்கில் வழக்காடின.

2000-ல் இயற்பியல் நோபலில் பாதி கில்பிக்கு. நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார்.

அப்புறம், மகன் எந்தக் கட்சி என்று எழுதவே இல்லையே?