இஞ்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கர்ப்பம் ஒன்பதாவது வாரம். கண் விழித்ததுமே குமட்டுகிறது. இஞ்சி எடுத்துக்கொள்ளலாமா? எவ்வளவு?

எடுத்துக்கொள்ளலாம். இஞ்சிக்குச் சொல்லப்படும் பலன்களில் ஆய்வுகள் உறுதியாக ஆதரிப்பது மசக்கைக் குமட்டலைத்தான். ஆய்வுகளில் பரவலாகக் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1 கிராம் சுக்குப் பொடி. அதையும் ஒரே வேளையில் கொடுக்கவில்லை, 250 மில்லிகிராம் வீதம் நான்கு வேளையாகப் பிரித்தே கொடுத்தார்கள். மொத்தமாக விழுங்கினால் நெஞ்செரிச்சல் கிளம்பி, குமட்டல் இன்னும் கூடும்.

பச்சை இஞ்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். அதனால் 1 கிராம் சுக்குக்கு ஈடாகச் சுமார் 5 கிராம் பச்சை இஞ்சி, அதாவது கட்டைவிரலின் மேல்கணு அளவுத் துண்டு வேண்டும். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, 250 மில்லி தண்ணீரில் மூடிவைத்துச் சிறுதீயில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். திறந்து கொதிக்கவிட்டால் மணம் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். வடிகட்டி, நாள் முழுக்க நான்கு முறையாக, மிடறு மிடறாகக் குடியுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். குமட்டல் உணர்வு தணியும், ஆனால் வாந்தி எடுக்கும் தடவைகள் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த நிலையை இஞ்சியால் சரிசெய்ய முடியாது. ரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலும் அவரைக் கேட்காமல் இஞ்சியைத் தொட வேண்டாம்.

கேள்வி: இஞ்சி தட்டிப் போட்டால் பால் திரிந்துவிடுகிறது. பால் கெட்டுப்போனதா?

பெரும்பாலும் பால் நல்ல பால்தான். பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அது மிக வேகமாக வேலை செய்து பாலைத் திரிக்கும். விழுதாக அரைத்த இஞ்சியைச் சூடேறிக்கொண்டிருக்கும் பாலில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. அரைக்கும்போது நொதி முழுவதும் வெளியே வந்துவிடுகிறது, பாலும் அதற்குப் பிடித்த சூட்டைக் கடந்து போகிறது.

முதலில் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு 4, 5 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நொதி செயலிழக்கும். பிறகு பால் சேருங்கள். இஞ்சியே போடாமல் காய்ச்சும்போதும் திரிந்தால் அந்தப் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி: இஞ்சிச் சாற்றின் அடியில் வெள்ளையாகப் படிவது விஷம் என்கிறார்களே? ‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்பதும் உண்மையா?

அந்த வெள்ளை வண்டலில் பெரும்பகுதி இஞ்சியின் மாவுச்சத்து. விஷம் இல்லை. சாறு தெளிவாக இருக்க வேண்டுமானால் கால் மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

தோலும் நஞ்சு இல்லை. ஆனால் மண்ணும் பூஞ்சையும் தங்குவது அதன் மடிப்புகளில்தான். தோலோடு காயவைத்தால் உள்ளே ஈரம் வெளியேற நாளாகும், அதற்குள் பூஞ்சை பிடிக்கும். ஆகவே தோல் நீக்குவது நல்ல பழக்கம்தான். கத்தியால் பட்டையாகச் சீவாமல் கரண்டி விளிம்பால் சுரண்டுங்கள். எண்ணெய் நிறைந்த செல்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன.

கேள்வி: பச்சை இஞ்சி நல்லதா, சுக்கா?

இரண்டும் ஒரே பொருள் இல்லை. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். உலரும்போது அதில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகாலுக்குக் காரம் அதிகம் என்பதால்தான் சுக்கு அப்படி உறைக்கிறது. குமட்டலுக்கோ மாதவிடாய் வலிக்கோ அளந்து எடுக்க வேண்டுமென்றால் சுக்குப் பொடி வசதி. தட்டையாக நிரப்பிய அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய 1 கிராம். இரைப்பை புண்ணோ எதுக்களிப்போ உள்ளவர்கள் இரண்டையுமே வெறும் வயிற்றில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். தினமும் இஞ்சிச் சாறு குடிக்கலாமா?

வேண்டாம். சமையலில் சேரும் சிறிதளவைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை. ஆனால் சாறு, பொடி, மாத்திரை என்று தினமும் செறிவாக எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ஏற்கெனவே குடித்துவந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் இஞ்சி எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. இஞ்சிச் சாற்றில் தேன் குழைத்துத் தரலாமா?

தரவே கூடாது. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் நுண்ணுயிரி வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படலாம். இஞ்சிச் சாறும் அந்த வயதுத் தொண்டையை எரிக்கும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.