இரண்டு கிளப்பை ஒன்றாக்கினால் ஐ-லீக் 3-ல் ஆட முடியுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் நடத்தும் கால்பந்து கிளப் கிருஷ்ணகிரி மாவட்ட லீக்கில் ஆடுகிறது. காரிமங்கலத்தில் எங்கள் நண்பர்கள் நடத்தும் கிளப் தர்மபுரி மாவட்ட லீக்கில் ஆடுகிறது. இரண்டும் பதிவு செய்த சங்கங்கள்தான். எங்கள் பக்கம் மட்டும் நாலு வருஷமாகக் கணக்கு தாக்கல் செய்யவில்லை. இப்போது ஒரு கிரானைட் தொழிலதிபர், இரண்டு கிளப்பையும் ஒன்றாக்கினால் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த சீசனே ஐ-லீக் 3 ஆடலாம் என்கிறார். இது நடக்குமா? இரண்டு லீக்கிலும் இருக்கும் எங்கள் இடங்கள் என்ன ஆகும்? பெயரை எப்படி வைப்பது?"

கிளப்பை இணைக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் அதனால் மட்டும் ஐ-லீக் 3-ல் இடம் கிடைக்காது. அடுத்த சீசனே என்பதை இப்போதே மறந்துவிடுங்கள். அவசரப்பட்டு இணைத்தால் கையில் இருக்கும் மாவட்ட லீக் இடங்களில் ஒன்று கண்டிப்பாகப் போகும், கவனமில்லாமல் செய்தால் இரண்டும் போகும். உங்களுக்குப் பொருந்தும் வேறு வழி ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடலாம். உச்சியில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்), அதன் கீழே ஐ-லீக், அப்புறம் ஐ-லீக் 2, அதற்கும் கீழே 2023-ல் தொடங்கிய ஐ-லீக் 3. நான்காவது படியான அதற்குக் கீழே மாநில லீக்குகளும் மாவட்ட லீக்குகளும். ஐ-லீக் 3-க்கு ஒரு கிளப் தானாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. மாநிலச் சங்கங்கள் தங்கள் லீக்கில் முன்னால் வந்த கிளப்பைப் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும். ஆக உங்கள் பாதை மாவட்ட லீக், மாநில அளவுப் போட்டி, தமிழ்நாடு கால்பந்து சங்கத்தின் பரிந்துரை, அதற்குப் பிறகு அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் சோதனை என்று போகிறது. இதில் ஒரு படியைக்கூட இணைப்புப் பத்திரத்தைக் காட்டித் தாண்ட முடியாது.

லீக்கில் ஒரு கிளப்புக்கு இருக்கும் 'இடம்' நிலம் மாதிரி சொத்து கிடையாது. ஆடி வென்றதால் சங்கம் கொடுத்திருக்கும் அனுமதி அது. லீக்கில் இடம் முக்கியமாக விளையாட்டுத் தகுதியால் வர வேண்டும், சட்ட வடிவத்தையோ நிறுவன அமைப்பையோ மாற்றி அந்தத் தகுதியைக் குறுக்கு வழியில் அடையக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. அதனால் இரண்டு கிளப் ஒன்றானால் எந்த இடம் தொடர்கிறது, எது கலைகிறது என்பதைச் சங்கம்தான் முடிவு செய்யும். உங்கள் இரண்டு பொதுக்குழுவும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டாலும் அது சங்கத்தைக் கட்டுப்படுத்தாது.

நம் நாட்டின் மிகப் பெரிய உதாரணத்தையே பாருங்கள். 2019-20 சீசனில் கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப் ஐ-லீக் சாம்பியன், அதே ஊரின் ஏ.டி.கே. கிளப் ஐ.எஸ்.எல். சாம்பியன். 2020-ல் இரண்டும் சேர்ந்தன. ஏ.டி.கே.க்கு ஐ.எஸ்.எல்.லில் இருந்த ஒரே இடம் தொடர்ந்தது, ஐ-லீக்கில் மோகன் பகான் இருந்த இடம் காலியாகிவிட்டது. 1889-ல் தொடங்கிய கிளப், நடப்பு சாம்பியன் என்பதெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக இடம் வாங்கித் தரவில்லை. உங்கள் விஷயத்திலும் கணக்கு அதுதான்: இரண்டைச் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்று.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காவேரிப்பட்டணத்துக்கும் காரிமங்கலத்துக்கும் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் நடுவில் மாவட்ட எல்லை ஓடுகிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை இரண்டு ஊரும் தர்மபுரி மாவட்டம். இப்போது உங்கள் கிளப் ஒரு மாவட்டச் சங்கத்தில், அவர்கள் கிளப் இன்னொன்றில். இணைந்த கிளப் எதிலாவது ஒன்றில்தான் உறுப்பினராக இருக்க முடியும். எந்த மாவட்டம் என்பதுதான் பேச்சுவார்த்தையில் முதலில் முடிய வேண்டிய விஷயம். பெயரையும் ஜெர்சி நிறத்தையும் பேசிப் பேசிக் களைத்த பிறகு இதை எடுத்தால் அங்கேயே உடையும். உங்கள் கிளப் 2004-க்கு முன்பே பதிவானது என்றால், சான்றிதழிலும் பைலாவிலும் முகவரி தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும். பேன் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நான்கிலும் ஒரே முகவரி வர வேண்டும்.

சரி, சட்டப்படி இணைப்பது எப்படி? இரண்டும் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பொதுக்குழுவும் முறையான அறிவிப்பு கொடுத்துக் கூடிச் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதாது. அப்புறம் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அங்கேதான் உங்கள் நாலு வருஷ பாக்கி முன்னால் வந்து நிற்கும். ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் ஆகாத சங்கத்தின் தீர்மானத்தை எடுத்துப் போனால், தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட தலைவரும் செயலாளரும் இன்னும் பதவியில் இருக்கிறார்களா என்பதே கேள்வியாகிவிடும். பாக்கி இருக்கும்வரை இணைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடன் விஷயத்திலும் பலர் தப்பாக நினைக்கிறார்கள். பழைய கிளப்பைக் கலைத்துவிட்டுப் புதிய பெயரில் தொடங்கினால் பழைய பாக்கி ஒட்டாது என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகளில் 'விளையாட்டு வாரிசு' என்று ஒரு கருத்து உண்டு. தலைமையிடம், பெயர், நிறம், பிளேயர்கள், உரிமையாளர்கள், ஆடும் பிரிவு ஆகியவற்றைப் பார்த்து, இது பழைய கிளப்பின் தொடர்ச்சிதான் என்று தெரிந்தால் பழைய கடனும் புதிய கிளப்பின் தலையில்தான். கோச்சுக்கோ பிளேயருக்கோ எழுதிக் கொடுத்த சம்பள பாக்கி ஏதாவது இருந்தால் இரண்டு தரப்பும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரியவந்தால் பணத்தைவிட நட்புதான் முதலில் போகும்.

பிளேயர் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் நேரில் பட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் இரண்டு கிளப் இணைந்தபோது அந்தக் காகித வேலையில் உதவினேன். லீக் பாதியில் இருக்கும்போதே இணைத்தார்கள். இரண்டு பக்கத்து கோல்கீப்பர்களில் நல்லவர் இணைந்த டீமுக்கு ஆடினார், ஆனால் அவர் பதிவு பழைய கிளப்பின் பெயரிலேயே இருந்தது. எதிர் டீம் புகார் கொடுத்தது. ஜெயித்த மேட்ச் 3-0 தோல்வியாக அறிவிக்கப்பட்டது. பாவம், அந்தப் பையன் மேல் எந்தத் தவறும் இல்லை. பதிவை மாற்றாமல் விட்ட நாங்கள்தான் காரணம், இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

ஃபிஃபா விதிப்படி ஒரு பிளேயர் ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், அதில் இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆட முடியும். சீசன் நடுவில் இணைந்து, புதிய கிளப் தனி அமைப்பாகப் பதிவாகிவிட்டால், காவேரிப்பட்டணத்துக்கு ஏற்கெனவே ஆடியவருக்கு அது இரண்டாவது கிளப்பாகக் கணக்காகலாம். அதனால் எது செய்தாலும் ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் பதிவு தொடங்கும் முன்பே செய்யுங்கள். சின்ன லீக்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2024-25 ஐ-லீக் பட்டமே ஆடத் தகுதியில்லாத பிளேயர், பிளேயர் பதிவு பற்றிய புகார்களால் சுவிட்சர்லாந்திலிருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசி கிளப்புக்கு வந்து சேர்ந்தது.

இப்போது தொழிலதிபர் விஷயம். அவர் நல்ல மனதோடுதான் வருகிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் இங்கிலாந்தில் ரஷ்டன் அண்டு டயமண்ட்ஸ் என்ற கிளப்புக்கு நடந்ததை அவரிடமே சொல்லுங்கள். 1992-ல் இரண்டு சின்ன ஊர் கிளப்புகளை ஒரு காலணி நிறுவன அதிபர் இணைத்தார். புதிய கிளப் கீழ் டிவிஷனில் தொடங்கிப் படிப்படியாக ஏறி 2001-ல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தது. ஒன்பது வருடம் பிடித்தது என்பதைக் கவனியுங்கள். அப்புறம் அதிபர் விலகினார், வேறு ஆட்கள் வந்தார்கள், கடன் ஏறியது, 2011-ல் கிளப்பே கலைந்துவிட்டது. அங்கே ஆதரவாளர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஒரு கிளப் தொடங்க வேண்டி வந்தது. நம் பக்கத்தில் அப்படி ஒரு டீம் கலைந்தால், இரண்டு ஊரிலும் சாயங்காலம் கிரவுண்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இருந்த கிளப்பும் இல்லாமல் போகும். என் கவலை முழுக்க அதைப் பற்றித்தான்.

பணம் இருந்தால் நேரடியாக நுழையும் வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்திருக்கிறது. 2016 டிசம்பரில் சென்னை சிட்டி எஃப்.சி. அப்படித்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. 1946-லிருந்து நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாக இருந்த அது, கோயம்புத்தூரை சொந்த மைதானமாக்கிக்கொண்டு 2018-19-ல் சாம்பியனும் ஆனது. தமிழ்நாட்டுக்கு அது பெரிய பெருமை. ஆனால் அந்தக் கிளப் இன்று தேசிய லீக்கில் இல்லை. 2023-ல் இன்டர் காசி வந்ததும் ஐ-லீக்கில் புதிய கிளப்புகளைச் சேர்க்க விலை கேட்பு (டெண்டர்) நடத்தியபோதுதான். அந்த அளவுச் செலவு உங்கள் பேச்சிலேயே இல்லாதது, அதை விட்டுவிடலாம். மேற்கு வங்கத்தின் டைமண்ட் ஹார்பர் கிளப்பைப் பாருங்கள். 2022-ல் தொடங்கி, கொல்கத்தா லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடி மேலே வந்து, 2024-25-ல் ஐ-லீக் 3, ஐ-லீக் 2 இரண்டையும் ஒரே சீசனில் வென்றார்கள். பண பலம் இருந்தது உண்மை. ஆனாலும் படிகளை ஆடித்தான் ஏறினார்கள்.

அப்படியென்றால் நீங்கள் என்ன செய்யலாம்? டென்மார்க்கில் இகாஸ்ட், ஹெர்னிங் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள், தலைமுறை தலைமுறையாகப் போட்டி. 1999-ல் இரண்டு ஊர் கிளப்பும் சேர்ந்து எஃப்.சி. மிட்ஜுலண்ட் என்ற ஒரே சீனியர் டீமை உண்டாக்கினார்கள். அடுத்த வருடமே மேல் டிவிஷனுக்கு ஏறி, 2015-ல் நாட்டின் சாம்பியன் ஆனார்கள். இதில் உங்களுக்குத் தேவையான பாடம் வேறு: பழைய இரண்டு கிளப்பும் கலையவில்லை. அவரவர் ஊரில் சிறுவர்களையும் அமெச்சூர் டீம்களையும் நடத்திக்கொண்டே இருந்தார்கள், மேலே போகும் டீம் மட்டும் பொது.

உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இரண்டு சங்கமும் அப்படியே இருக்கட்டும், மாவட்ட லீக் இடங்களும் இருக்கட்டும். மேல் மட்டத்துக்குப் போகிற சீனியர் டீமை மட்டும் இரண்டில் ஒரு கிளப் நடத்தட்டும். எது லீக்கில் மேலே இருக்கிறதோ அதுவே. அடுத்த கிளப்பின் நல்ல பிளேயர்கள் சீசன் இடைவெளியில் முறையாக மாற்றல் வாங்கி அங்கே வரட்டும். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு கூட்டு நிர்வாகக் குழு, செலவு, முடிவெடுக்கும் முறை, பிரிய நேர்ந்தால் என்ன என்பதை எழுதிய ஒப்பந்தம், இவ்வளவு போதும் முதல் இரண்டு சீசனுக்கு. ஒரே குழு இரண்டு கிளப்பையும் கட்டுப்படுத்துவதாகத் தெரியக் கூடாது. இரண்டும் எப்போதாவது ஒரே போட்டியில் மோத நேர்ந்தால் அது சிக்கலாகும். அதனால் குழுவின் அதிகாரம் சீனியர் டீமோடு நிற்க வேண்டும்.

தொழிலதிபரின் பணத்தை ஜெர்சிக்கும் வெளியூர் பிளேயருக்கும் முதலில் கொட்ட வேண்டாம். தேசிய லீக்கில் நிலைத்து ஆட விரும்பும் கிளப்புகளை ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் உரிம முறை ஐந்து தலைப்பில் சோதிக்கிறது: விளையாட்டு, மைதான வசதி, ஆட்கள், சட்டம், நிதி. இதில் விளையாட்டுத் தலைப்பு என்பது ஜெயிப்பதைப் பற்றியது இல்லை, சிறுவர் டீம்களைப் பற்றியது. அதற்கும், உரிமம் பெற்ற ஒரு கோச்சுக்கும், தணிக்கை செய்த கணக்குக்கும் மூன்று வருடச் செலவை முன்கூட்டியே வங்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாய் வார்த்தையாக வேண்டாம். அவர் உண்மையான ஆர்வலர் என்றால் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொல்கத்தாவில் மோகன் பகான் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. ஒட்டியிருந்ததை ரசிகர்கள் மூன்று வருடம் எதிர்த்தார்கள். 2023-ல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற கையோடு அது நீக்கப்பட்டது. அங்கேயே அப்படி என்றால் உங்கள் ஊரில் எப்படியிருக்கும்? சீனியர் டீமுக்கு அதை நடத்தும் கிளப்பின் பழைய பெயரே இருக்கட்டும், ஜெர்சியில் இரண்டு ஊரின் நிறமும் வரட்டும். நன்கொடையாளரின் நிறுவனப் பெயர் ஜெர்சியின் மார்பில் இருக்கலாம், கிளப்பின் பெயரில் வேண்டாம்.

முதல் வேலை நாலு வருஷக் கணக்குப் புத்தகங்களை ஆடிட்டரிடம் கொடுப்பது. ரசீது தொலைந்த செலவுகளுக்கு வங்கிப் பதிவை வைத்து ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். இரண்டாவது வேலையாக இரண்டு மாவட்டச் சங்கச் செயலாளர்களையும் இரண்டு தரப்பும் சேர்ந்தே போய்ப் பார்த்து, இந்தத் திட்டத்தை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். கூட்டு ஒப்பந்த வரைவு தயாரானதும் அனுப்புங்கள், பிரியும் ஷரத்து எப்படி எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துச் சொல்கிறேன்.