எஸ்டேட் வாங்கியது என் சம்பளம், பத்திரமோ அம்மா பெயரில்!

கேள்வி: பள்ளி வயதிலேயே நடிக்க வந்துவிட்டேன். அப்பா அப்போதே இல்லை. 1994-ல் என் சம்பளத்தில் ஏற்காட்டில் காபி எஸ்டேட் வாங்கி, அம்மா பெயரில் பத்திரம் போட்டோம். விவாகரத்தானவள், பிள்ளைகள் இல்லை. நான் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்துவைத்த தம்பி, அம்மா போனதும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்கிறான், என்னைக் கேட்டுக்குள் விடுவதில்லை. 40 சதவீதம் தருகிறேன் என்று ஆள் விட்டிருக்கிறான். எனக்கு முழு எஸ்டேட்டும் வேண்டும். - வாசகி, சேலம்

பதில்: அம்மா, தம்பி நன்றி கெட்டவர் என்பதைக் கோர்ட்டில் யாரும் கேட்கப்போவதில்லை, அதை விடுங்கள். பட்டா மாறியதற்கும் பதற வேண்டாம், பட்டா உரிமை தராது. இங்கே ஒரே கேள்விதான்: உங்கள் அம்மா உயிலோ செட்டில்மென்ட்டோ எழுதினாரா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உயில் அதில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். எதுவும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி.

இனிமேல்தான் ஆபத்து. "என் பணம், அம்மா பெயர் சும்மா பேருக்கு" என்று நோட்டீஸில் எழுதச் சொல்லி வக்கீலை நச்சரிக்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. எழுதினால் என்ன ஆகும்? பிறர் பெயரில் வாங்கிய சொத்தைத் தன்னுடையது என்று கேட்டு வழக்குப் போடக் கூடாது என்கிற 1988 பினாமி சட்டம் 4-ஆம் பிரிவைக் காட்டி, இந்த வழக்கே செல்லாது, பிராதை நிராகரியுங்கள் என்று எதிர்த்தரப்பு மனு போடும். அம்மா உங்களுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருந்தார் என்று வாதாடலாம்தான், ஆனால் அதைச் சொல்ல அம்மா இல்லை, அந்தக் காலத்தில் கையில் ரொக்கமாக வந்த சம்பளத்துக்கு வருமான வரிக் கணக்கு காட்டியிருக்கிறீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் அங்கேயே வழக்கு உட்கார்ந்துவிடும். முழுசும் கேட்கப்போய், மகள் என்ற முறையில் கேட்காமலே கிடைக்கிற பாதியையும் சிக்கலாக்கிக்கொள்வீர்கள். அம்மாவின் வாரிசாக மட்டும் வழக்குப் போடுங்கள், சினிமாவைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

இன்னொன்று, அந்த கேட் விஷயம். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகம் கேட்டால் கோர்ட் கட்டணம் சொற்பம். வெளியேற்றப்பட்டவர் கேட்டால் பங்கின் மதிப்பில் 3 சதவீதம். ஏற்காட்டு நிலத்தின் இன்றைய விலைக்குப் போட்டுப் பாருங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, ஆத்திரத்தில் கூட்டிச் சொல்லாதீர்கள் என்கிறேன். நிஜமாகவே விரட்டப்பட்டிருந்தால் கட்டணத்தைக் கட்டிவிட்டு உடனே போங்கள், 12 வருஷம் சும்மா இருந்தால் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். மரம் வெட்டுவதற்குத் தடையாணை கேளுங்கள், கோர்ட் நியமிக்கும் கமிஷனர் போய் நிற்கிற மரங்களை எண்ணிக்கொண்டு வரட்டும்.

என்னைக் கேட்டால், 40-ஐ 45 ஆக்கிப் பேசி முடித்துவிடுங்கள். முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, நடுவில் அப்பீல் என்று சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு நடந்தே வயதாகிவிடும். ஆனால் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதீர்கள், பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள்.

பங்கு கைக்கு வந்த வாரமே உயிலும் எழுதிவிடுங்கள். ஜெயலலிதா உயில் எழுதாமல் போனதால் அவர் அண்ணன் பிள்ளைகள்தான் வாரிசு என்று 2020-ல் உயர் நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கும். பிள்ளை இல்லாத பெண்ணுக்குத் தாயிடமிருந்து வந்த சொத்து, உயில் இல்லையென்றால், அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். உங்கள் விஷயத்தில் அது அதே தம்பிதான்.