பழைய ஸ்பீக்கர் பெட்டி: நாமே பாலிஷ் போடலாமா, ஆளிடம் கொடுக்கலாமா?

கே: பெட்டி மேல் டம்ளர் வைத்த வெள்ளை வட்டம். முழுப் பூச்சையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். வெள்ளை என்றால் ஈரம் பூச்சோடு நிற்கிறது. துணியில் துளி ஸ்பிரிட் (பாலிஷுக்குப் பயன்படும் ஆல்கஹால்) தொட்டு, துணி கிட்டத்தட்ட காய்ந்த பிறகு லேசாகத் தடவுங்கள். அழுத்தினால் ஷெல்லாக் (அரக்கு) பூச்சு கரைந்து வந்துவிடும். வட்டம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரம்வரை போயிருக்கிறது. அப்போது பூச்சை எடுக்காமல் முடியாது.

கே: பழைய ஸ்பீக்கர் ஜோடி இருக்கிறது. எந்த பாலிஷ் நல்லது?

வெனீரா, வினைல் ஒட்டியதா? இதைக்கூட எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? ஊஃபரை, அதாவது பெட்டியில் இருக்கும் பெரிய ஒலிக்கூம்பை, கழற்றி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். துகள்பலகை மேல் மெல்லிய மரத்தாள் தெரிந்தால் வெனீர். பிளாஸ்டிக் போல உரிந்தால், ஒரே மரரேகை திரும்பத் திரும்ப வந்தால், வினைல். வினைலில் எந்த பாலிஷும் ஊறாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு இழை) போட்டுத் தேய்க்கலாமா?

ஊஃபரும் ட்வீட்டரும் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. அதன் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும்; பிறகு ஊஃபர் கரகரக்கும். முதலில் கழற்றுங்கள். எந்த வயர் எந்த முனையில் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சாண்டர் மெஷின் வாங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் முடியுமா?

முடியும், பெட்டியும் அதோடு முடிந்துபோகும். இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்குகிறது. வெனீரின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுழலும். விளிம்பில் இரண்டு நொடி கூடுதலாக நின்றாலே அடியில் இருக்கும் துகள்பலகை எட்டிப் பார்க்கும். அதை எந்த வார்னிஷாலும் மறைக்க முடியாது.

என் வால்நட் ஜோடிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அனுபவமுள்ள பட்டறை என்று நம்பிக் கொடுத்தேன். நான்கு விளிம்பும் தேய்ந்து, மேலே கரும்பழுப்புச் சாயம் அடித்துத் திரும்பி வந்தது. நாற்பது வருடம் பொறுமையாகப் பழுத்த நிறம், அரை நாளில் போய்விட்டது. அதனால்தான் ஆளிடம் கொடுத்தாலும் "மெஷின் போடுவீர்களா?" என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். பழைய பூச்சைக் கெமிக்கல் ஸ்ட்ரிப்பரால் எடுத்தால் போதும். அப்புறம் மரக்கட்டையில் சுற்றிய 180, 220 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையில், கையால். விளிம்பைக் கடைசியில் தொடுங்கள், இரண்டே இழுப்பு.

கே: லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் பூசலாமா?

தாராளமாக. மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

கே: எப்போது ஆளிடம் கொடுப்பது?

வெனீர் துண்டு பெயர்ந்து காணாமல் போயிருந்தால், பெட்டி வளைவானதாக இருந்தால், கண்ணாடி போன்ற ஸ்ப்ரே லாக்கர் பூச்சு வேண்டுமென்றால். கீறல், மங்கல், எண்ணெய்ப் பூச்சு எல்லாம் உங்கள் கைக்கே வரும். அரிதான மாடல் என்றால் துடைத்து மெழுகு போடுவதோடு நிறுத்துங்கள். பழைய பூச்சுக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு.

கே: ஒன்றில்தான் கீறல். அதை மட்டும் செய்யலாமா?

நிறம் ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து செய்யுங்கள்.