நாய்க்குட்டி முயல் மாதிரி தாவுறான், கால்சியம் குடுக்கலாமா?

எங்க லேப்ரடார் (லேப்) நாய்க்குட்டிக்கு ஏழு மாசம். ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேத்து முயல் மாதிரி தாவுவான், அழகா இருக்குன்னு வீடியோகூட எடுத்தோம். இப்ப படுத்தா எந்திரிக்கவே யோசிக்கிறான், மாடிப்படி பக்கம் போறதில்ல. குட்டி வித்தவரு கால்சியம் பத்தலன்னு ஒரு சிரப் வாங்க சொல்றாரு. குடுக்கலாமா டாக்டர்? - வாசகி, திருச்சி

சிரப்ப மொதல்ல ஓரமா வைங்கம்மா. பெரிய ஜாதி குட்டிக்கான சாப்பாட்டுலயே தேவையான கால்சியம் இருக்கு, அதுக்கு மேல ஊத்துனா வளர்ற எலும்புக்கு கெடுதல்தான். நீங்க சொல்றத பாத்தா இடுப்பு மூட்டுலதான் எனக்கு சந்தேகம், ஹிப் டிஸ்பிளேசியான்னு சொல்வோம். தொடை எலும்போட உருண்டை தலை இடுப்புக் குழிக்குள்ள கச்சிதமா உக்காரணும், இதுல மூட்டு லூசாகி உருண்டை வெளிய நழுவி நழுவி உள்ள போகும், குழி ஆழமாகாம தட்டையாயிடும், அப்புறம் தேய்மானம், ஆர்த்ரைட்டிஸ். பொறக்கும்போது மூட்டு நார்மலாத்தான் இருக்கும், கோளாறு வளரும்போதுதான் வரும்.

நாமக்கல் வெட்னரி காலேஜ் உங்களுக்கு பக்கம்தான், கூட்டிட்டு போங்க. மயக்க ஊசி போட்டு, மல்லாக்க படுக்க வச்சு, பின்னங்கால நேரா இழுத்து எக்ஸ்ரே எடுக்கணும், முழிச்சிருக்கும்போது எடுத்தா படம் சரியா வராது. அந்த மயக்கத்துலயே முட்டிய மேல அழுத்தி கால மெதுவா விரிச்சு பாப்பாங்க, நழுவுன உருண்டை டக்குன்னு குழிக்குள்ள விழறது கைக்கே தெரியும். தள்ளி போடாதீங்க, மூட்டு தேயறதுக்கு முன்னாடின்னா இடுப்பெலும்ப வெட்டி திருப்பி வைக்கிற ஆபரேஷனுக்கு வாய்ப்பிருக்கு, தேஞ்ச பிறகு அதுல பெருசா பிரயோஜனம் இல்ல.

வீட்டுல உங்க கையில இருக்குறது எடை. அமெரிக்காவுல 48 லேப் குட்டிங்கள ஜோடி ஜோடியா வளர்த்தாங்க, ஒண்ணு சாப்பிடுறதவிட 25 சதவீதம் கம்மியாதான் இன்னொண்ணுக்கு. ரெண்டு வயசுல பாத்தா கம்மியா சாப்ட்ட கூட்டத்துல இடுப்பு கோளாறு ரொம்ப குறைவு, சராசரியா ரெண்டு வருஷம்கிட்ட கூடவும் வாழ்ந்துச்சு. நம்ம வீடுகள்ல புஸுபுஸுன்னு இருந்தாத்தான் ஆரோக்கியம்னு நெனைக்கிறாங்க, அங்கதான் எனக்கு கோவம் வரும். விலாவ தடவுனா எலும்பு கைல தட்டுப்படணும், அதான் சரியான எடை. டைல்ஸ் தரைல ரப்பர் மேட் போடுங்க, மண் தரைல நடக்க விடுங்க, நீச்சல் ரொம்ப நல்லது, பந்து தூக்கிப்போட்டு எகிற வைக்கிறது மட்டும் வேணாம்.

அப்பா அம்மா ரெண்டும் நல்லா நடக்குது, கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பேப்பரும் இருக்கு, அப்புறம் எப்படி குட்டிக்கு இந்த இடுப்பு கோளாறு வந்துச்சு? - வாசகர், சேலம்

பேப்பர் வம்சத்த சொல்லும், இடுப்ப சொல்லாது சார். இது ஒரே ஜீன் விவகாரம் இல்ல, பல ஜீன் சேந்து வர்றது, நல்லா நடக்குற நாய்கூட குட்டிக்கு கடத்தும். அமெரிக்காவுல 1966லயே இதுக்குன்னு ஓஎஃப்ஏ அமைப்பு ஆரம்பிச்சாங்க, ரெண்டு வயசு முடிஞ்ச நாய்க்குத்தான் இடுப்பு சர்டிபிகேட் தருவாங்க. அடுத்த தடவ பேப்பரோட தாய் தகப்பன் ரெண்டோட இடுப்பு எக்ஸ்ரேவும் கேளுங்க, மழுப்புனா வேற எடம் பாருங்க.

ஒம்பது வயசு ஜெர்மன் ஷெப்பர்ட், பின்னங்கால இழுத்துட்டு நடக்குது. எனக்கு போடுற வலி மாத்திரைல பாதி குடுக்கட்டுமா? - வாசகர், மதுரை

வேணவே வேணாம். டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு வயித்த புண்ணாக்கி கிட்னிய காலி பண்ணிடும். நாய்க்குன்னு தனி வலி மாத்திரை இருக்கு, டாக்டர் எடை பாத்து, ரத்த டெஸ்ட் எடுத்து குடுப்பாரு. அதுக்கு முன்ன பின்னங்கால் நகத்த பாருங்க, மேல்பக்கம் தேஞ்சிருக்கா? பாதத்த மடக்கி வச்சா உடனே திருப்பிக்குதா, அப்படியே மடங்கியே நிக்குதா? மடங்கியே நின்னா இடுப்பவிட முதுகுத்தண்டு நரம்புலதான் கோளாறா இருக்கும், ஷெப்பர்டுக்கு வயசானா அது சகஜம், டாக்டர்ட்ட இத கண்டிப்பா சொல்லுங்க.