ரவுண்ட்ஸ் வந்தா மட்டும் காதுல பிளக் ஏறுதா

சூப்பர்வைசர் சார், தறிச் சத்தத்துல காது கெடாம இருக்க இயர்பிளக் போடணும், போடாதவங்களுக்கு 50 ரூபா ஃபைன்னு வச்சிருக்கீங்களே, மொதல்ல அந்த ஃபைன நிறுத்துங்க. நீங்க ரவுண்ட்ஸ் வர்றப்ப மட்டும் தறிக்காரங்க இயர்பிளக் போடறாங்க, திரும்பினதும் கழட்டிடறாங்கன்னா அவங்க கத்துக்கிட்டது பிளக் போடறத இல்ல, உங்க தலையப் பாத்து உஷாராகறத.

காரணம் அநேகமா இதுதான்: கழட்டினா அரிப்பும் வேர்வையும் அந்த நிமிஷமே போயிடுது, காது மந்தமாகறதோ பல வருஷம் கழிச்சு. பழக்கம் எப்படி உருவாகுதுன்னு ஆராய்ஞ்ச உளவியலாளர் ஸ்கின்னர் கணக்குப்படி உடனே கெடைக்கிற பலன்தான் பழக்கமாகும், நீங்க மீட்டிங் போட்டு பேசறதெல்லாம் மனசுல நிக்காது (பேசறவருக்குத்தான் திருப்தி).

1980-ல வெளியான ஆய்வுல ஸோஹார்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஒரு மெட்டல் ஃபேக்டரியில ஷிஃப்ட்டுக்கு முன்னாடி பின்னாடி காது டெஸ்ட் எடுத்து, பிளக் போட்ட நாள் போடாத நாள் வித்தியாசத்த அவங்கவங்க கிட்டயே காட்டினாங்க, 85-90 சதவீதம் பேர் போட ஆரம்பிச்சு அது மாசக்கணக்கா நீடிச்சுது. நீங்களும் இப்பவே போடாத ரெண்டு பேருக்கு இப்படி டெஸ்ட் எடுத்து ரிசல்ட்ட அவங்க கையிலயே குடுங்க.

ஆனா ஒண்ணு, பிளக் சைஸ் சரியில்லாம வலிச்சா இது எதுவும் வேலைக்காகாது, சைஸ மாத்துங்க. யாருக்காவது காதுல ரீங்காரம் நிக்கலைன்னா ஈஎன்டி கிட்ட அனுப்பிடுங்க.