பம்ப் அடித்தும் பீர் டாப்பில் சொட்டுகூட வரவில்லையா?
பீர் லைனை, அதாவது கெக்கிலிருந்து (பீர் பீப்பாய்) டாப்புக்கு (பீர் ஊற்றும் திருகுகுழாய்) போகும் குழாயைக் கழுவ, பம்ப் அடிக்கும் ஸ்ப்ரேயரின் குழாயை நேராக டிஸ்கனெக்டில் (லைனைக் கெக்கில் மாட்டும் இணைப்பி) செருகிப் பம்ப் அடித்தும் டாப்பில் சொட்டுகூட வரவில்லை என்கிறீர்கள். வராதுதான். டிஸ்கனெக்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசி இருக்கிறது; கெக்கின் போஸ்ட்டில் (மேலே நீட்டியிருக்கும் இணைப்பு முனை) வைத்து அழுத்தினால்தான் திறக்கும். மருந்தடிக்கும் முனையை வெட்டிவிட்டு, தலையில் அதே போஸ்ட் வடிவம் உள்ள பால் லாக் (ball lock) கார்பனேஷன் மூடி ஒன்றை வாங்கி, அதன் அடிமுனையில் குழாயைச் செருகிக் கிளாம்ப் போடுங்கள். டிஸ்கனெக்ட் அதன் தலையில் 'கிளிக்' என்று உட்காரும்.

ஸ்ப்ரேயர் புதிதாக இருக்கட்டும், பூச்சிமருந்து கண்டது வேண்டவே வேண்டாம். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் தாங்காது. ஸ்ப்ரேயரில் ஊற்றும் லைன் கிளீனர் கடுங்காரம், கையுறை போடுங்கள். அதை 20 நிமிடம் பீர் லைனிலேயே நிற்கவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரால் தாராளமாக அலசுங்கள். கழற்றும் முன் ஸ்ப்ரேயரின் காற்றை இறக்கிவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய்ச் சமையலறைக் கூரையையும் சேர்த்துக் கழுவியவன் நான்.